மழைநீர் டிரம்மும் ஒரு பொட்டலம் வெங்காரமும்

வினிகருக்குள் முக்கினாலும் 6.4 என்று காட்டுகிற ஒரு பிஎச் மீட்டரை நம்பி மூன்று மாதம் மீன் வளர்த்திருக்கிறேன். அந்த மீட்டரைச் சரிசெய்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மீட்டர் சரியான பிறகுதான் மீன்கள் செத்தன. அதனால் அதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு திருச்சியில். மொட்டை மாடியில் 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று, அதில் முப்பது கப்பி மீன்கள், ஒரு கைப்பிடி வேலம்பாசி. எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. குழாயின் வாயில் வெள்ளைப் படிவு, வாளியின் உட்பக்கம் தடவினால் சொரசொரப்பு, பருப்பு வேகவே வேகாது. ஐப்பசி மழை கொட்டியபோது மாடித் தண்ணீரைப் பிடித்துவைத்து, டிரம்மிலிருந்த போர் தண்ணீரை அநேகமாக முழுவதும் இறைத்துவிட்டு மழைநீரை நிரப்பினேன். மீன்களுக்கு நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டோம் என்ற பெருமை வேறு.

மாசி பிறந்தபோது மீன்கள் ஒரு மாதிரி ஆகிவிட்டன. துடுப்பை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு மேல்மட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. தீனி போட்டால் வந்தன, வாயில் வாங்கின, துப்பின. மீட்டரை முக்கினேன்: 6.9. ஏழு என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம், பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. தண்ணீரில் குறை இல்லை என்று முடிவுசெய்து மீன்களின் மேல் பழியைப் போட்டேன்.

சந்தேகம் வந்தது தற்செயலாக. சாலட்டுக்கு வினிகர் ஊற்றிக்கொண்டிருந்த என் மகள் விளையாட்டாக மீட்டரை அந்தக் கிண்ணத்தில் முக்கிவிட்டு, "அப்பா, வினிகர் 6.4" என்றாள். வினிகர் 2.5 பக்கம் இருக்க வேண்டிய பொருள். 6.4 காட்டுகிற மீட்டர் எதைத்தான் சரியாகக் காட்டியிருக்கும்?

மீட்டர் ஒன்றும் உசத்தியானது அல்ல. பேனா போல இருக்கும் மஞ்சள் நிறச் சாதனம். முனையில் மெல்லிய கண்ணாடிக் குமிழ். பின்புறம் அளவைச் சரிசெய்ய ஒரு சிறு திருகு. கண்ணாடிக் குமிழின் மேல்பரப்பு ஈரத்தில் ஊறியிருந்தால்தான் ஹைட்ரஜன் அயனிகளை உணரும். உணர்வதற்கேற்ப மின்னழுத்தம் கொடுக்கும்: 30 டிகிரி வெப்பத்தில் ஒரு பிஎச் அலகுக்கு ஏறக்குறைய 60 மில்லிவோல்ட் என்பது கணக்கு. குமிழ் காய்ந்துவிட்டால் மின்னழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். இந்த வகைச் சாதனத்தில் பூஜ்யம் மில்லிவோல்ட் என்றால் திரையில் ஏழு. அதாவது செத்துப்போன மீட்டர் எல்லாவற்றையும் பார்த்து "நடுநிலை, நடுநிலை" என்று சொல்லும். இதைவிட ஆபத்தான பொய் கிடையாது. 14 என்றோ 0 என்றோ காட்டினால் தூக்கிப் போட்டிருப்பேன்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே உப்புப் பொருக்கு தட்டிக் காய்ந்திருந்தது. மூன்று மாதமாக மூடிக்குள் ஒரு சொட்டு ஈரம் கூட வைக்கவில்லை.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எனக்குப் பாடம் எடுத்தவர் அல்ல. ஆனாலும் தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தவர், "கீறல் இல்லை தம்பி, பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு ஒரு சிறு புட்டியில் பொட்டாசியம் குளோரைடு உப்பு கொடுத்தார். 100 மில்லி நீரில் 22 கிராம். வெறும் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாதாம். உள்ளே இருக்கும் உப்பு வெளியே கசிந்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் மெதுவாக அலசி, வினிகரில் பத்து நிமிடம் வைத்து, பிறகு இந்த உப்புக் கரைசலில் ஓர் இரவு முழுக்க நிறுத்திவைத்தேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர் பாட்டில் மெக்கானிக் கடையில் வாங்கிக்கொண்டேன். எல்லாக் கரைசலுக்கும் அதுதான்.

காலையில் குமிழ் உயிர்பெற்றிருந்தது. வினிகரில் முக்கியதும் எண் கடகடவென்று இறங்கி 3.1இல் நின்றது. இறங்குகிறது, நல்லது. ஆனால் எவ்வளவு தப்பு என்று தெரிய வேண்டுமே. பிஎச் நிச்சயமாகத் தெரிந்த ஒரு கரைசல் வேண்டும். மீட்டரோடு வந்த பொடிகளை எப்போதோ கரைத்து, ஒரு பாட்டிலில் ஊற்றி மறந்திருந்தேன். 4.01 என்று எழுதியிருந்த பாட்டிலில் பூஞ்சை மிதந்தது.

"வெங்காரம் வாங்கி வா" என்றார் டீச்சர்.

எனக்குப் புரியவில்லை. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வெங்காரமா? நகை செய்பவர்கள் பற்றவைக்கும்போது போடுவார்களே, அதுவா? அதுவேதான். வேதியியல் புத்தகத்தில் அதன் பெயர் போராக்ஸ். ஒரு லிட்டரில் 3.8 கிராம் கரைத்தால் 25 டிகிரி வெப்பத்தில் 9.18. ஆய்வுக்கூடங்களில் மீட்டரைச் சரிபார்க்கப் பயன்படும் தரக் கரைசல்களில் இதுவும் ஒன்று. கடைகளில் 9.18 என்று பாக்கெட்டில் விற்கும் பொடியும் பெரும்பாலும் இதுதான்.

கடைக்காரர் "பச்சையா, பொரித்ததா?" என்று கேட்டார். சித்த மருந்துக்கு வெங்காரத்தைச் சட்டியில் போட்டுப் பொரிப்பார்கள். உள்ளே இருக்கும் நீரெல்லாம் போய்ப் பொரிபோல உப்பிவிடும். எனக்கு வேண்டியது நீரோடு இருக்கும் பச்சை வெங்காரம். ஐம்பது கிராம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நகைக்கடைத் தராசு போல ஒரு சின்னத் தராசு வீட்டில் இருக்கிறது. அதில் 0.95 கிராம் நிறுத்து 250 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் கலக்கினேன். கொஞ்சம் சோம்பேறித்தனமாகக் கரைந்தது. அறை வெப்பம் 30 டிகிரி. அந்த வெப்பத்தில் இந்தக் கரைசலின் பிஎச் 9.14. மீட்டர் 9.6 என்றது. பின்புறத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 9.14க்குக் கொண்டுவந்தேன்.

ஒரு புள்ளியில் சரிசெய்தால் போதாது. தராசில் ஓர் எடைக்கல்லை மட்டும் வைத்துச் சோதிப்பதுபோல ஆகிவிடும். இரண்டாவதாக அமிலப் பக்கத்தில் ஒன்று தேவை. இதை வீட்டுச் சரக்கிலேயே செய்தேன். 4 சதவீத வினிகர் 30 மில்லி. அதில் ஆப்பசோடா 0.84 கிராம். நுரை அடங்கியதும் 200 மில்லியாக்கினேன். வினிகரிலிருக்கும் அசிட்டிக் அமிலத்தில் சரிபாதியை மட்டும் சோடா அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. மீதிப் பாதி அமிலமாகவே இருக்கிறது. இப்படிப் பாதிக்குப் பாதி இருந்தால் பிஎச் 4.7ஐ ஒட்டி நிற்க வேண்டும். மீட்டர் 4.8 என்றது. வினிகர் லேபிளை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி இருக்கிறது, குமிழுக்கும் வயதாகிவிட்டது. இந்த விலைக்கு 0.1 பிசகு எனக்குச் சம்மதம். ஒரு எச்சரிக்கை: இதற்குப் பேக்கிங் பவுடர் ஆகாது. அதில் அமிலமும் கலந்திருப்பதால் கணக்கெல்லாம் கெட்டுவிடும்.

மீட்டர் சரியாகிவிட்ட குதூகலத்தில் மாடிக்கு ஓடினேன். டிரம்மில் 5.4.

அடுத்து நான் செய்ததுதான் தவறு. 5.4 கப்பிக்கு ஆகவே ஆகாது. கையில் ஆப்பசோடா இருந்தது. இரண்டு மேசைக்கரண்டி குவியலாக, சுமார் 35 கிராம், ஒரு சொம்பில் கரைத்து ஊற்றிக் கலக்கிவிட்டேன். மாலையில் 7.9. அழகான எண். நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் பதினொரு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

மகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக வலையில் எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

டீச்சர் கேட்ட முதல் கேள்வி: "அம்மோனியா பார்த்தாயா?" பார்க்கவில்லை. வண்ண மீன் கடையில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் புட்டி வாங்கிவந்தேன். அட்டையிலிருந்த கடைசிக் கட்டத்துக் கரும்பச்சை, லிட்டருக்கு 8 மில்லிகிராம்.

டிரம்மில் என்ன நடந்திருக்கிறது என்பதை அவர் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அப்படி மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றினால் 7.14 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரம் தண்ணீரிலிருந்து செலவாகிவிடும். என் டிரம்மில் மழைநீர்; அடியில் கொஞ்சம் பழைய போர் தண்ணீர். லிட்டருக்கு 20 மில்லிகிராம் காரம் இருந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 200 லிட்டருக்கு மொத்தமே 4 கிராம். அரைக் கிராம் சொச்சம் அம்மோனியா நைட்ரஜன் போதும், அத்தனையும் காலி. 40 சதவீதம் புரதம் உள்ள தீனியில் அது பத்து இருபது கிராம் தீனிக்குள் வந்துவிடும். நான் ஒரு மாதத்தில் போடுகிற அளவு.

காரம் தீர்ந்ததும் பிஎச் சரிந்தது. சரிந்ததும் நுண்ணுயிரிகள் வேலையை நிறுத்திவிட்டன. அம்மோனியா சேர்ந்துகொண்டே போயிற்று. ஆனால் மீன்கள் உடனே சாகவில்லை. ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு அம்மோனியம் ஆகிவிடுகிறது. அம்மோனியம் அவ்வளவு விஷமில்லை. 5.4இல் விஷ வடிவத்தில் இருந்தது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. நான் சோடா போட்டு 7.9க்கு ஏற்றியபோது அது நூற்றில் ஆறு பங்கு ஆகிவிட்டது. ஒரே பகலில் முந்நூறு மடங்கு. மீன்கள் நோயோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன; மருந்து கொடுத்துக் கொன்றேன்.

மிஞ்சிய பத்தொன்பதைக் காப்பாற்ற அன்றே பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பிடித்துவைத்திருந்த மழைநீரை மெதுவாக விட்டேன். மறுநாள் இன்னொரு பாதி. தீனியை ஐந்து நாள் அடியோடு நிறுத்தினேன். மேலும் இரண்டு செத்தன. மற்றவை தேறின.

அந்த ஐந்து நாளில் வேறு வேலை இல்லை. மனம் கேட்காமல் சமையலறை மேசையில் வெங்காரத்தை வைத்து நோண்டிக்கொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது.

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் 100 மில்லி டிஸ்டில்ட் வாட்டர், மற்றதில் 100 மில்லி வெங்காரக் கரைசல். இரண்டிலும் வேலியோரச் சங்குப்பூ இதழ் ஊறிய நீர் கொஞ்சம். ஒன்று நீலம், மற்றது நீலப்பச்சை. இப்போது ஊசி கழற்றிய சிரிஞ்சில் வினிகர். டிஸ்டில்ட் வாட்டரில் முதல் சொட்டு விழுந்ததுமே நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்தது. மீட்டர் 4.2. ஒரே ஒரு சொட்டுக்கு! வெங்காரத்தில் அதே சொட்டு: நிறம் அசையவில்லை, மீட்டரும் அசையவில்லை. பத்துச் சொட்டு விட்டேன். 9.14 என்பது 8.99 ஆயிற்று, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு தூரம் தாங்கும் பார்ப்போம் என்று அரை அரை மில்லியாக விட்டுக்கொண்டே போனேன். ஒரு மில்லிக்கு 8.85. ஒன்றரைக்கு 8.65. இரண்டுக்கு 8.45. இரண்டரைக்கு 8.1. இதுவரை ஒரு பெரியவர் மாடிப்படி இறங்குவதுபோல நிதானம். 2.8 மில்லிக்கு 7.7. அதற்குப் பிறகு கையை எடுக்க நேரமில்லை: மூன்று மில்லி ஆனபோது ஏழை ஒட்டி எண் தாறுமாறாக ஆடியது, 3.2இல் 5.9. பச்சை போய் நீலம், நீலம் போய் ஊதாச் சாயல். அதன் பிறகு மறுபடி நிதானம். மூன்றரைக்கு 5.5, நான்குக்கு 5.2, ஐந்து மில்லி விட்டும் 4.9தான். ஐந்தாவது மில்லி முழுக்க விட்டும் பிஎச் 0.3 மட்டுமே இறங்கியது என்பதைப் பார்த்ததும் சிரிஞ்சை வைத்துவிட்டு டீச்சரிடம் ஓடினேன்.

அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். வெங்காரம் தண்ணீரில் விழுந்ததும் உடைந்து போரிக் அமிலமும் (கேரம் போர்டில் தூவுகிறோமே, அதேதான்) அமிலத்தை வாங்கிக்கொள்ளும் அதன் இணை காரமான போரேட்டும் சரிபாதியாகப் பிரிகிறது. வேண்டுமென்று அளந்து கலக்காமலே ஒரே பொட்டலத்தில் இரண்டும் கிடைக்கின்றன. பிஎச்சைத் தீர்மானிப்பது இவற்றின் அளவு அல்ல, விகிதம். அமிலத்தின் வலிமையைச் சொல்லும் பிகேஏ எண்ணோடு, காரத்தை அமிலத்தால் வகுத்து வரும் விகிதத்தின் மடக்கையைக் கூட்டினால் பிஎச். ஒன்றுக்கு ஒன்று என்றால் மடக்கை பூஜ்யம். பிகேஏ எதுவோ பிஎச்சும் ஏறத்தாழ அதுவே. அதனால்தான் வெங்காரத்தை நான் கொஞ்சம் கூடக் குறைய நிறுத்திருந்தாலும் 9.18 பெரிதாகக் கெடாது. இரண்டு மடங்கு நீர்க்கவைத்தாலும் மாற்றம் 0.01தான்.

"அப்படியென்றால் அளவுக்கு வேலையே இல்லையா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில் நடத்துநரின் பையைப் பார்த்திருப்பாய் தம்பி. அதில் சில்லறையும் இருக்கும், நோட்டும் இருக்கும். ஒருவர் நூறு ரூபாய் நீட்டினால் சில்லறை எடுத்துக் கொடுப்பார். சில்லறையாகவே கொட்டுகிறவரிடம் வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு நோட்டாகக் கொடுப்பார். இரண்டும் பையில் இருக்கிற வரையில் சண்டை இல்லை. சில்லறை தீர்ந்த அடுத்த நிமிடம்தான் சத்தம் வரும். சத்தம் எப்போது வரும் என்பது விகிதத்தில் இல்லை, காலையில் எவ்வளவு சில்லறையோடு கிளம்பினார் என்பதில் இருக்கிறது."

என் டம்ளரில் இருந்த போரேட் 2 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). மூன்று மில்லி வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும் 2 மில்லிமோல். சரியாக அந்த இடத்தில்தான் சத்தம் வந்தது. அதற்கு அப்பால் கிடைத்த இரண்டாவது நிதானம் வினிகரே உண்டாக்கியது. போரேட் வாங்கிக்கொண்டதால் வினிகர் அசிட்டேட் ஆகிவிட்டது. மேலே விட்ட வினிகர் அமிலமாக நின்றது. அமிலமும் இணை காரமும் சேர்ந்து இன்னொரு தாங்கல் கரைசல், அதாவது பிஎச்சை அசையவிடாமல் தாங்கும் கரைசல், இந்த முறை 4.7ஐச் சுற்றி. ஒரு நடத்துநர் இறங்கி இன்னொருவர் ஏறிய கதை.

டீச்சர் எழுதிக் காட்டிய அந்த விகிதச் சமன்பாட்டின் சரக்கு 1908இல் லாரன்ஸ் ஹெண்டர்சன் எழுதியது. ஹாசெல்பால்க் என்ற டேனிஷ்காரர் 1916இல் அதை மடக்கை வடிவத்துக்கு மாற்றினார். இடையில் 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் பிஎச் என்ற அளவையே உருவாக்கியிருந்தார். ஹெண்டர்சனும் ஹாசெல்பால்க்கும் பார்த்துக்கொண்டிருந்தது ரத்தத்தை. நம் ரத்தத்தின் பிஎச் 7.4, அதைத் தாங்குவதில் பெரும் பங்கு பைகார்பனேட்டும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும். பைகார்பனேட் இருபது பங்கு என்றால் மற்றது ஒரு பங்கு. இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கும்போதுதான் கரைசல் நன்றாகத் தாங்கும், இருபதுக்கு ஒன்று எப்படித் தாங்குகிறது? நுரையீரல் இருப்பதால். அமிலம் வந்தால் பைகார்பனேட் அதை வாங்கி கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அதை மூச்சில் வெளியே தள்ளிவிடுகிறோம். பை திறந்தே இருக்கிறது, நோட்டு சேரச் சேர வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

டிரம்மும் அப்படித்தான், திறந்த பை. அங்கே நுரையீரலுக்குப் பதில் தண்ணீரின் மேல்பரப்பு. இதை உறுதிப்படுத்த ஒரு சின்ன வேலை செய்தேன். ஒரு டம்ளர் மழைநீர், ஒரு டம்ளர் போர் தண்ணீர். ஸ்ட்ராவால் இரண்டிலும் அரை நிமிடம் ஊதினேன். மழைநீர் 6.3இலிருந்து 4.9க்கு விழுந்தது. போர் தண்ணீர் 7.6இலிருந்து 6.9க்கு இறங்கி, ஒரு மணி நேரம் விட்டு, இரண்டு முறை ஆற்றியதும் 7.6ஐத் தாண்டி ஏறிவிட்டது. என் மூச்சை அது வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அப்போதுதான் போர் தண்ணீரை மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தேன். அந்த வெள்ளைப் படிவு வேறு எதுவும் இல்லை, பைகார்பனேட் காய்ந்து கால்சியம் கார்பனேட்டாக ஒட்டிக்கொண்டது. நான் குறை சொல்லி இறைத்துக் கொட்டியது டிரம்மின் சில்லறையை.

எவ்வளவு சில்லறை என்று அளக்க வேண்டும். இதைக் காரத்தன்மை என்று புத்தகம் சொல்லும். எனக்கு அந்தச் சொல் குழப்பம் தருகிறது, பிஎச் கூடுதலாக இருப்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். வேதாரண்யத்தில் இறால் பண்ணை வைத்திருக்கும் என் மைத்துனர் 'அல்கலினிட்டி' என்றே சொல்கிறார். நானும் அப்படியே சொல்கிறேன். முறை எளிது: 100 மில்லி தண்ணீரை எடுத்து, பிஎச் 4.5க்கு இறங்கும்வரை அமிலம் விட்டு, எவ்வளவு விட்டோம் என்று பார்ப்பது.

எனக்கு வினிகர்தானே கையில் இருந்தது. போர் தண்ணீரில் விட்டேன். ஐந்து வரை சரசரவென்று வந்தது. பிறகு நகரவே மாட்டேன் என்றது. 4.9, 4.8, 4.7... விட்டுக்கொண்டே இருந்தேன். 4.5 வந்தபோது 2.4 மில்லி. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 800 மில்லிகிராம். எங்கள் தண்ணீர் உப்புதான், ஆனால் அவ்வளவா?

டீச்சர் சிரித்த சிரிப்பில் நான் என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கிவிட்டது. முந்தாநாள்தான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், வினிகரே 4.7ஐச் சுற்றி ஒரு தாங்கல் கரைசல் என்று. அந்தப் பள்ளத்தில் இறங்கி 4.5ஐத் தேடினால் தண்ணீரின் கணக்கோடு வினிகரின் கணக்கும் சேர்ந்துதான் வரும். பாதிக்கு மேல் செலவானது வினிகரோடு வினிகர் மல்லுக்கட்டியதில். இந்த வேலைக்கு வலுவான அமிலம் வேண்டும். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் அவருடைய பழைய மாணவர் வழியாக 0.02 நார்மல் சல்பூரிக் அமிலம் அரை லிட்டர் கிடைத்தது. இதன் ஒரு மில்லி, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஒரு மில்லிகிராமுக்குச் சமம். அதனால் 100 மில்லி மாதிரியில் செலவானதைப் பத்தால் பெருக்கினால் விடை. மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு. மஞ்சள் ஆரஞ்சாகும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

போர் தண்ணீருக்கு 30 மில்லி, அதாவது 300. மழைநீருக்கு அரை மில்லி கூடச் செலவாகவில்லை. இரண்டு முறை பாதி பாதியாக மாற்றிய டிரம்முக்கு 2.6 மில்லி, அதாவது 26. அந்த 26உம் நான் கொட்டிய சோடாவின் மிச்சம்.

மைத்துனரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் பரிதாபப்படவில்லை. "அத்தான், நாங்கள் பிஎச்சை ஒரு வேளை மட்டும் பார்ப்பதே கிடையாது. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, மதியத்துக்குப் பிறகு ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவே அரைக்கு மேல் போனால் அல்கலினிட்டியைப் பார்ப்போம்." பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது, பிஎச் ஏறுகிறது, இரவில் எல்லாமே மூச்சு விடுகின்றன, இறங்குகிறது. கையிருப்பு உள்ள தண்ணீரில் இந்த ஊசலாட்டம் சிறியது. பார்த்தேன். 26இல் என் டிரம் காலை ஆறு மணிக்கு 6.9, மாலை நான்குக்கு 8.3. கடந்த மூன்று மாதம் இதைவிட மோசமாக ஆடியிருக்கும். எந்த நேரத்தில் மீட்டரை முக்கினேனோ அந்த நேரத்து எண்ணைப் பிடித்துக்கொண்டு நான் தண்ணீரைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்திருப்பேன், மீட்டர் நன்றாகவே வேலை செய்திருந்தாலும்.

மற்றதெல்லாம் சுருக்கமானது. அம்மோனியாச் சோதனையில் நிறம் மஞ்சளுக்குத் திரும்பிய பிறகே அல்கலினிட்டியில் கை வைத்தேன். ஒரு வாரத்துக்கு, தினமும் ஒரு வாளி டிரம் தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு வாளி போர் தண்ணீர். இப்போது மழைநீர் மூன்று பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு என்ற கலவையில் நிற்கிறது, அளந்தால் 72. சோடா போட வேண்டிய அவசியமே வரவில்லை. வந்தால், 200 லிட்டரில் 50 ஏற்ற 17 கிராம் போதும், அதையும் நான்கைந்து நாளாகப் பிரித்துப் போட வேண்டும்.

கூடவே ஒரு வலைப்பையில் அரைக் கிலோ கிளிஞ்சல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்தால் மட்டும் கரையும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். பச்சைக் கிளிஞ்சல்தான். சுட்ட கிளிஞ்சலைப் போட்டுவிடக் கூடாது. அது நீரோடு சேர்ந்து வெற்றிலைச் சுண்ணாம்பாகிவிடும். சுண்ணாம்பின் தெளிநீரில் மீட்டரை வைத்தும் பார்த்தேன், 12.2 காட்டியது. 30 டிகிரியில் 12.3 இருக்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியிலும் ஒரு தரக் கரைசல் இருக்கிறது என்பது தெரிந்ததில் சின்ன மகிழ்ச்சி. மேலே பால் ஏடுபோல ஒரு படலம் கட்டிவிடுகிறது, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு. அதனால் புதிதாக எடுத்தால்தான் சரியான எண் வரும்.

மீட்டரின் மூடிக்குள் பஞ்சில் உப்புக் கரைசல் நனைத்து வைத்திருக்கிறேன். வெங்காரக் கரைசல் பாட்டிலில் தேதியும் 'குடிக்காதே' என்பதும் எழுதி, மருந்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மீந்ததைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். போரான் மிகுந்தால் இலை ஓரம் கருகும். எலுமிச்சைத் தொட்டியில் ஊற்றிப் பார்த்து, அதையும் தெரிந்துகொண்டுவிட்டேன்.

நோட்டில் கடைசிப் பதிவு, ஞாயிற்றுக்கிழமை: வெங்காரத்தில் 9.14 சரி. காலை 6.10க்கு 7.3, மாலை 4 மணிக்கு 7.7. அம்மோனியா மஞ்சள். அல்கலினிட்டி 61, போன வாரத்தைவிட 11 குறைவு. பெரியவை 17. குட்டிகளை மகள் எண்ணுகிறாள், ஒவ்வொரு முறையும் வேறு எண் சொல்கிறாள். நாளை ஒரு வாளி போர் தண்ணீர் விட வேண்டும்.